கேப்டனும் உடன் வந்தோரும்

கண்ணாடிக்காரருக்குக் கடலைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதன் மேல் பத்து நிமிஷம் இருந்தால் காலையில் சாப்பிட்டது வெளியே வரும்; இருபது நிமிஷம் இருந்தால் முந்தின நாள் சாப்பிட்டதும் வரும். மற்றபடி குறை சொல்ல முடியாத மனிதர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வாசலில் நுழைகிறவர் கண்ணைச் சுருக்கும் விதத்தை வைத்தே அவருக்கு எந்தக் கண்ணில் எவ்வளவு குறை என்று சொல்லிவிடுவார்.

படகு அவருடைய மனைவியுடையது. அவளுக்குப் பதினாறு வயதானபோது அவளும் அவள் அப்பாவும் ஒரு ஒழுகும் கொட்டகைக்குள் பலகை பலகையாக இழைத்து, மூன்று வருஷத்தில் கட்டி முடித்த பாய்மரப் படகு. இருபத்து நாலு அடி. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அதை ஓட்டியதும், சுரண்டிச் சாயம் அடித்ததும், பாய் கிழிந்தால் தைத்ததும் அவள்தான். பதிவுப் புத்தகத்தில் மட்டும் கண்ணாடிக்காரர் பெயர் இருந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நாளில் அவளுக்கு மருத்துவமனையில் வேலை. வரிசையில் நின்றது இவர். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார், எதிரே நின்றவரின் பெயரை எழுதிவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"யாரு பேர் இருந்தா என்னங்க? படகுக்குப் படிக்கவா தெரியும்?"

பதினேழு வருஷம் அந்தச் சிரிப்பிலேயே ஓடிவிட்டது. பிறகு அவளுக்கு இன்னொரு ஊரின் பெரிய மருத்துவமனையில் தலைமை பிசியோதெரபிஸ்ட் வேலை கிடைத்தது. அதே மாதம், பழைய படகுத்துறையை மண் போட்டு நிரப்பிக் கார் நிறுத்துமிடம் ஆக்கப்போவதாக அறிவிப்பும் வந்தது. வீட்டுச் சாமான் லாரியில் போயிற்று. படகு கடல் வழியாகத்தான் போக வேண்டும். புயல் காலம் தொடங்க மூன்று வாரம் இருந்தது. அதற்குள் ஒரு துறையில் இடம் பிடிக்காவிட்டால் படகைத் திறந்த கரையில் விட வேண்டும். திறந்த கரையில் விட்ட மரப் படகு ஒரு புயலில் விறகாகிவிடும்.

இரண்டு நாள் பயணம். முதல் நாள் மதியமே காற்று திரும்பியது. ஒரு பாறை முனையைத் தாண்டும்போது அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மனைவி சுக்கான் பிடியைத் தொடையால் அழுத்திக்கொண்டு, ஒரு கையால் பாய்க் கயிற்றையும், ஒழிந்தபோது இன்னொரு கையால் கணவரின் நெற்றியையும் பிடித்தாள். பதினெட்டு வயது மகள் அம்மா சொல்லும் முன்பே சொல்ல வந்ததைச் செய்தாள். கண்ணாடிக்காரர் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பக்கெட்டைக் கட்டிக்கொண்டு பாய்மரத்தடியில் கிடந்தார். ஒரே ஒரு முறை வாய் திறந்தார்.

"இங்கேயே இறங்கிடலாமா?"

"எங்கப்பா?" என்றாள் மகள். சுற்றிலும் தண்ணீர்தான் இருந்தது.

இரண்டாம் நாள் பிற்பகல் புதிய துறையின் அலைத்தடுப்புச் சுவருக்குள் நுழைந்ததும் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல் அடங்கியது. கண்ணாடிக்காரர் முகம் கழுவி, தலை வாரி, எழுந்து நின்றார். மனைவியும் மகளும் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபடியால் படகின் ஆவணங்கள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டார். அவர் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான்.

அந்தத் துறையைப் படகுத்துறை மாண்பு மன்றம் என்ற அமைப்பு நடத்தியது. படகு கட்டும் மேடையில் மன்றத்தின் செயலாளர் பொத்தான் பளபளக்கும் வெள்ளைச் சீருடையில் நின்றிருந்தார். படகுக்கும் அவருக்கும் எட்டடி தூரம். ஆனாலும் ஒலிபெருக்கியில் கேட்டார்.

"கேப்டன் யார்?"

மனைவியின் வாயில் ஒரு கயிற்று நுனி இருந்தது. அதோடு கண்ணாடிக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். 'பேப்பர் உங்ககிட்டதானே, பேசி முடிங்க' என்பது அதற்கு அர்த்தம். அவர் பதிவுப் புத்தகத்தை நீட்டினார். செயலாளர் அதைத் திறந்து பார்த்துவிட்டு விறைப்பாக ஒரு வணக்கம் வைத்தார். கண்ணாடிக்காரருக்கு வாழ்நாளில் யாரும் அப்படி வணக்கம் வைத்ததில்லை.

"கடல் எப்படி இருந்தது, கேப்டன்?"

"கொஞ்சம் முரண்டு பிடிச்சுது. சமாளிச்சேன்."

சமாளித்தோம் என்றாவது சொல்லியிருக்கலாம். 'ஓம்' போட வேண்டிய இடத்தில் நாக்கு 'ஏன்' போட்டுவிட்டது. முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த மனைவியின் கை ஒரு விநாடி நின்றது. பிறகு முடிச்சை இறுக்கியது.

செயலாளர் மூன்று அட்டைகளை எடுத்தார். நீல அட்டை கேப்டனுக்கு. சாம்பல் நிற அட்டை இரண்டும் 'உடன் வந்தோருக்கு'.

"கேப்டன் முன்படியில் ஏறலாம். உடன் வந்தோர் பின்படி. மீன் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கு. தப்பா நினைக்காதீங்க, மரியாதை விஷயம். கடல்ல ஒரு குரல்தான் இருக்கணும்கிறது எங்க மன்றத்தோட கொள்கை. அதனால கேப்டன்கள் மண்டபத்துல உடன் வந்தோர் பேசக் கூடாது. படியில பேசிக்கலாம்."

"படியில எவ்வளவு நேரம் பேசலாம்?" என்று மகள் கேட்டாள்.

"அதுக்கு வரம்பில்லை," என்றார் செயலாளர் பெருந்தன்மையோடு.

அப்போதைக்குப் படகுக்கு விருந்தினர் இடம் கொடுத்தார்கள். நிரந்தர இடம் வேண்டுமானால் கேப்டன் நேர்காணலில் தேற வேண்டும். வீட்டுக்குப் போகும் வழியில் கண்ணாடிக்காரர் மெல்ல, "நீதான் ஓட்டினேன்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டார். மனைவி களைத்திருந்தாள். "முதல்ல படகு நிக்கட்டும். ஒரு கையெழுத்துதானே," என்றாள். அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

நேர்காணல் புதன்கிழமை. மண்டபச் சுவரில் ஒரு பெரிய மரச் சக்கரத்தை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். மன்றத் தலைவர் அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பருத்த, அன்பான மனிதர். அவருடைய மூக்குக் கண்ணாடி இடப்பக்கம் சரிந்து கிடந்ததைக் கண்ணாடிக்காரர் வாசலிலேயே கவனித்துவிட்டார். தலைவர் கேள்வித்தாளை நீட்டிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், மறுபடி நீட்டினார்.

"சார், திருகு லூசா இருக்கு. குடுங்க," என்று கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து இரண்டு திருகு திருகிக் கொடுத்தார். தலைவர் மாட்டிக்கொண்டு கேள்வித்தாளைப் பார்த்தார். முதன்முறையாக அதைத் தெளிவாகப் படிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. முகம் வாடியது.

"எதிர்க்காற்றில்... பாயை... இதெல்லாம் அச்சுப் பிழை," என்று தாளைக் கவிழ்த்தார். "நானே கேக்கறேன். எதிர்க்காத்து அடிச்சா என்ன பண்ணுவீங்க?"

கண்ணாடிக்காரருக்கு எதிர்க்காற்றும் தெரியாது, பக்கக்காற்றும் தெரியாது. "காத்திருப்பேன்," என்றார்.

தலைவர் மேஜையைத் தட்டினார். "கேட்டீங்களா செயலாளர்! இதுதான் அனுபவம்! நான் பதினோரு வருஷமா படகு வெச்சிருக்கேன். ஒரு விபத்து உண்டா? ஒரு கீறல் உண்டா? ஏன் இல்லை? கட்டினது கட்டினபடி வெச்சிருக்கேன்! நடுவுல பூந்தொட்டி வெச்சோம், இன்னும் அழகாயிடுச்சு. அவிழ்த்து ஓட்டறவங்களுக்குத்தான் ஆபத்து எல்லாம்."

ஜன்னல் வழியே கண்ணாடிக்காரர் அந்தப் படகைப் பார்த்தார். தொட்டிச் செடிகள் செழிப்பாக இருந்தன. கயிற்றில் பாசி படிந்திருந்தது.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் செயலாளர் சாமான் பட்டியலை வாசிக்கத் தொடங்கினார். "நங்கூரம் ஒன்று. உயிர்காப்பு உடை மூன்று. பக்கெட், சிவப்பு, ஒன்று." நிமிர்ந்தார். "பக்கெட் எதுக்கு? படகுல தண்ணி ஊறுதா?"

ஊறுகிறது என்றால் இடம் கிடையாது. எனக்கு வாந்தி வரும் என்றால் கேப்டன் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விநாடி இருந்தது. அந்த ஒரு விநாடியில் கண்ணாடிக்காரரின் வாய் அவரைக் கேட்காமல் திறந்தது.

"அது... வீட்டம்மாவுக்கு. கடல் அவளுக்கு ஒத்துக்காது."

"பாவம்," என்று செயலாளர் கனிவோடு எழுதிக்கொண்டார். "உடன் வந்தோருக்கு அது சகஜம்."

காது மடல் இரண்டும் சூடேறின. கோப்பில்தானே போகிறது, கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். வெளியே வந்து பின்படிக்குச் சுற்றிப் போனபோது மனைவியும் மகளும் மீன் தொட்டியின் ஈரத்தில் நின்றிருந்தார்கள்.

"என்ன ஆச்சுங்க?"

"தேறிட்டேன்," என்றார். அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டு அவர் தோளைத் தட்டினாள். அந்தத் தட்டல் அவருக்கு அடி மாதிரி விழுந்தது.

மன்றத்தில் ஒரு கோப்பை இருந்தது. 'அலை வென்றார் கோப்பை' என்று பெயர். வேறொரு துறையிலிருந்து கடல் வழியாக வந்து சேரும் கேப்டனுக்குத் தருவது. ஆறு வருஷமாக அதைக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை, ஏனென்றால் உறுப்பினர்கள் எல்லாரும் துறைக்குக் காரில்தான் வருவார்கள். வராது வந்த மாமணியாக ஒருவர் வந்து சேர்ந்ததும் சனிக்கிழமையே விழா வைத்துவிட்டார்கள்.

கண்ணாடிக்காரரை மேடையில் தொப்பி போட்டு உட்கார வைத்தார்கள். மனைவிக்கும் மகளுக்கும் தூணுக்குப் பின்னால் 'உடன் வந்தோர் பகுதி'யில் இரண்டு நாற்காலி. அவள் தன்னுடைய நல்ல உடையை உடுத்தி வந்திருந்தாள். செயலாளர் ஒலிவாங்கியைச் சரிசெய்து தொண்டையைக் கனைத்தார்.

"அன்பார்ந்த கேப்டன்களே! கருமேகம் சூழ்கிறது! காற்று சீறுகிறது! பாறை முனையிலே மரணம் பல்லிளிக்கிறது! அங்கே ஒற்றை ஆளாய் ஒரு மனிதர்! ஒரு கையில் சுக்கான்! மறுகையில் பாய்! காலடியிலே யார்? கடல் ஒவ்வாத அவருடைய துணைவியார், ஒரு சிவப்புப் பக்கெட்டைக் கட்டிப்பிடித்தபடி துவண்டு கிடக்கிறார்! அந்தப் பெண்மணிக்கு ஒரு கரத்தால் ஆறுதல், கடலுக்கு ஒரு கரத்தால் சவால்! இதுவன்றோ தலைமை!"

அரங்கம் இளகிச் சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை குனிந்தால் தொப்பி கழன்று விழும் என்பதால் முழுதாகக் குனியவும் முடியவில்லை. நெற்றியில் அந்த இரண்டு நாளும் இருந்த கை ஞாபகம் வந்தது. உப்பும் கயிற்றுத் தூசியும் ஒட்டிய கை.

ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார். விளக்கொளியில் கண் கூசியது.

"நான் படகு ஓட்டலை," என்றார். "எனக்கு ஓட்டவே தெரியாது. ஓட்டினது என் மனைவி. வாந்தி எடுத்தது நான்தான்."

தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். "அடக்கம்! என்ன அடக்கம்!" அரங்கமே எழுந்தது. "இல்லைங்க, நிஜமாத்தான்," என்று கண்ணாடிக்காரர் கத்தினார். கைதட்டல் இரட்டித்தது. செயலாளர் அவரைக் கட்டியணைத்து, இவ்வளவு பெரிய மனசை இந்த மேடை கண்டதில்லை என்று காதில் சொன்னார். அந்த அணைப்புக்குள்ளிருந்து கண்ணாடிக்காரர் எட்டித் தூணுக்குப் பின்னால் பார்த்தார். இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன. எப்போது போனார்கள் என்று தெரியவில்லை. அவர் பேச எழுந்திருக்கும்போதே காலியாகத்தான் இருந்தன என்று வாயிலில் நின்ற காவலாளி பிறகு சொன்னார்.

வீட்டில் அவள் திங்கட்கிழமைக்கான சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நின்றார்.

"நான் மேடையில உண்மையைச் சொல்லிட்டேன்," என்றார்.

"கைதட்டினாங்களா?"

"தட்டினாங்க."

"அப்போ நீங்க சொல்லலை."

இஸ்திரிப் பெட்டி ஒரு முறை போய்வந்தது. அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"பேரைப் போட்டுக்கிட்டீங்க, சரி. தொப்பி போட்டுக்கிட்டீங்க, அதுவும் சரி. படகு நிக்கணும்னு நானும் சும்மா இருந்தேன். ஆனா உங்களுக்கு உடம்பு முடியலைன்னு ரெண்டு நாள் தலையைப் பிடிச்சேன். ஒரு தடவை சிரிச்சேனா? யாருகிட்டயாவது சொன்னேனா? வாந்தி எடுக்கறதுல என்ன கேவலம்? அதைப் போய் என் தலையில கட்டினீங்களே."

மகள் அறைக்குள்ளிருந்து வந்து அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள். "இதை எங்கே வைக்கட்டும்ப்பா? பக்கெட் பக்கத்துலயா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள்.

ஞாயிறு காலை இடம் நுழையும் சடங்கு. கேப்டன் தனியாளாகப் படகை விருந்தினர் இடத்திலிருந்து நிரந்தர இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இருநூறு அடி தூரம். கண்ணாடிக்காரர் ஒரு மணி நேரம் முன்னதாகவே அலுவலகத்துக்கு ஓடினார்.

"என் பேரை எடுத்துட்டு மனைவி பேரைப் போடணும். அதுக்கு என்ன வழி?"

செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கேப்டன் காலமாகணும். இன்னொண்ணு, தகுதியின்மை வாக்குமூலம். எழுதி, மண்டபத்துல நீங்களே வாசிக்கணும். ஆனா உங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு ரெண்டு கேப்டன்கள் சாட்சிக் கையெழுத்துப் போடணும். முதல் வழி சுலபம்."

கேப்டன்கள் சிலர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் முதலாமவரிடம் போனார். பார்வை மங்கல், எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்றார் அவர். அந்தக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று கண்ணாடிக்காரருக்குப் பார்த்ததுமே தெரிந்தது. இரண்டாமவருக்குக் கை சுளுக்கு. அந்தக் கையில்தான் தேநீர்க் கோப்பை இருந்தது. மூன்றாமவர், "சார், நீங்க எங்க எல்லாரையும் சோதிக்கறீங்க," என்று சிரித்துவிட்டு அவசரமாகக் கழிவறைக்குப் போனார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

படகில் ஏறி நின்றார். உடன் வந்தோர் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டுக்கு அப்பால் மனைவி நின்றிருந்தாள். வர மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். படகுக்காக வந்திருக்கிறாள் என்று புரிந்தது. இவரை அவள் பார்க்கவில்லை. படகின் முன்முனையையே பார்த்தாள். மன்றத் தலைவர் தன் திருக்கரத்தால் கயிற்றை அவிழ்த்து எறிந்தார்.

படகு நகர்ந்தது. அவர் நகர்த்தவில்லை, காற்று நகர்த்தியது. சுக்கான் பிடியை வலது பக்கம் தள்ளினார். படகு இடது பக்கம் திரும்பியது. பதறி இடது பக்கம் தள்ளினார். வலது பக்கம் திரும்பி, தலைவரின் பூந்தொட்டிப் படகை நோக்கி நேராகப் போனது.

"கம்பீரமா நில்லுங்க, கேப்டன்!" என்று செயலாளர் ஒலிபெருக்கியில் சொன்னார்.

"கயித்தை இழுங்க!" என்றார் ஒரு கேப்டன். "எந்தக் கயித்தை?" என்றார் கண்ணாடிக்காரர். அந்தக் கேப்டன் பக்கத்திலிருந்த கேப்டனைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். அப்படியே பார்வை மேடை முழுவதும் போய்த் தலைவரிடம் நின்றது. தலைவர் வானத்தைப் பார்த்தார்.

மனைவி மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். "நுழைவு முடியறவரைக்கும் உடன் வந்தோர்..." என்று காவலாளி கையை நீட்டினார்.

"அவளை விடுங்க!" என்று கண்ணாடிக்காரர் அலறினார். தொப்பி தண்ணீரில் விழுந்தது. "எனக்கு ஓட்டத் தெரியாது! எனக்கு ஒரு மண்ணும் தெரியாது! அவளாலதான் உயிரோட வந்து சேர்ந்தேன்! அவளை விடுங்கய்யா!"

யாரும் கைதட்டவில்லை.

படகு மோதியது. பூந்தொட்டிகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், தண்ணீரில் விழுந்தன. பதினோரு வருஷம் அவிழ்க்காத கயிறு நூலாக அறுந்து, தலைவரின் படகு மிச்சச் செடிகளோடு துறைவாயிலை நோக்கி மிதக்க ஆரம்பித்தது. மோதிய வேகத்தில் கண்ணாடிக்காரரின் படகு பின்வாங்கி மேடையில் உரசியது. மனைவி குதித்தாள். மகளும் குதித்தாள்.

"தள்ளி உக்காருங்க." முந்தின நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

தள்ளி உட்கார்ந்தார். பாய் சரசரவென்று ஏறியது. துறைவாயிலுக்கு அப்பால் அலை வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது. தலைவரின் படகு அதைத் தொடுவதற்குள் இவள் அதன் முன்னால் சுற்றி வந்து, காற்றைப் பாயிலிருந்து விட்டு, படகை நிறுத்தினாள். மகள் கயிற்றை வீசினாள். முதல் வீச்சு தப்பியது, இரண்டாவது சிக்கியது. கண்ணாடிக்காரர் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டு, மேடையில் நின்ற இருபத்து மூன்று கேப்டன்களும் பார்க்க, வயிற்றைக் காலி செய்தார். மறைக்கத் தோன்றவில்லை, மறைக்க இடமும் இல்லை. கால் மணி நேரத்தில் இரண்டு படகுகளும் கட்டப்பட்டிருந்தன.

மன்றம் அவசரமாகக் கூடியது. செயலாளர் எழுதி வாசித்த தீர்மானம் இது: தலைவரின் படகு பதினோரு ஆண்டுகளுக்குப் பின் துறைக்குள் ஒரு மரியாதை உலா வந்தது. புதிய கேப்டன் தம் உடன் வந்தோரைத் தகுந்த தருணத்தில் ஏவி, அதற்குத் துணை சென்றார். அன்னாருக்குத் தலைவர் படகின் அருகிலேயே நிரந்தர இடம் வழங்கப்படுகிறது. "கையெழுத்துப் போடுங்க, கேப்டன்."

பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டார். படகு நிற்க வேண்டும், புயல் யாருக்காகவும் காத்திருக்காது. போட்டுவிட்டு இன்னொரு தாளை எடுத்து நின்றபடியே எழுதினார். எழுதியதை உரக்க வாசித்தார்.

"எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. என் மனைவிதான் ஓட்டினாள். மன்றத்தில் பக்கெட்டைப் பற்றிக் கேட்டபோது அது அவளுக்கு என்று பொய் சொன்னேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கௌரவமாக இருந்தது, அதனால் சொன்னேன்."

தாள் மேஜை மேஜையாகப் போயிற்று. இருபத்து மூன்று பேனாக்களிலும் ஒரே நேரத்தில் மை தீர்ந்திருந்தது. தலைவர் மட்டும் தாளை மடித்துக்கொண்டு கண்ணாடிக்காரரைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"இவங்களைக் கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டா, அப்போ உனக்குத் தெரியுமா, ஓட்டிக் காட்டுன்னு அடுத்தவன் கேப்பான்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது இல்லாமல் அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது. "எனக்கும் தெரியாதுங்க. வாங்கின அன்னிக்கு ஓட்டணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு. கூட்டம் கூடி நின்னு பாத்துச்சா, பயமா போச்சு. கட்டிட்டேன். அப்புறம் தலைவராக்கிட்டாங்க."

தலைவர் தாளை விரித்து, நீண்ட நேரம் பார்த்து, ஒரு கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணு ஆச்சு. இன்னொருத்தர் போடறவரைக்கும் இது நிலுவையில இருக்கும். அதுவரைக்கும் நீங்கதான் கேப்டன். விதி." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க வீட்டம்மா கத்துக் குடுப்பாங்களா?"

"அதை அவகிட்ட நீங்கதான் கேக்கணும். நான் சொல்லி வேலை நடக்கற நிலைமையில இல்லை."

"எங்கே இருக்காங்க?"

"பின்படியில."

தலைவர் எழுந்து ஜன்னல் வரை போனார். பின்படி அங்கிருந்து தெரியும். சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னொரு நாள் பாக்கலாம்," என்றார்.

கண்ணாடிக்காரர் முன்படி வழியாக இறங்கவில்லை. சமையலறையைச் சுற்றி, வழுக்கும் கற்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்படிக்கு வந்தார். கடைசிப் படியில் மனைவியும் மகளும் ஒரு பொட்டலத்திலிருந்து வறுத்த கடலையைப் பகிர்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். அவளுடைய உள்ளங்கையில் கயிறு கீறிய கோடு சிவந்திருந்தது.

"இடம் குடுத்துட்டாங்க," என்றார். "இன்னும் என் பேர்லதான் இருக்கு. எழுதிக் குடுத்திருக்கேன். ஒரு கையெழுத்துதான் கிடைச்சுது. நான் உள்ளே என்ன சொன்னேன்னா..."

"கேட்டுச்சு," என்றாள் மகள். தலைக்கு மேலே மண்டபத்து ஜன்னல் திறந்திருந்தது.

மனைவி ஒரு கடலையின் தோலை ஊதினாள். அது தொட்டித் தண்ணீரில் போய் விழும்வரை பார்த்தாள். அப்புறம், அவர் பக்கம் திரும்பாமலே, படியில் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தாள். தாராளமாக ஒன்றும் இல்லை. ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்காரும் அளவுக்கு. அவர் அப்படியே உட்கார்ந்தார்.